ஏரி காக்கும் திராட்சைத் தோட்டங்கள்

ஜனவரி மாதம் வந்துவிட்டால் கனடாவின் நயாகரா தீபகற்பத்துத் திராட்சை விவசாயிகள் கத்தரிக்கோலோடு சவர பிளேடையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும் கொடிகளிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளைகளை வெட்டி வந்து, அறைக்குள் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கணுவிலும் ஒட்டியிருக்கும் மொட்டைப் பிளேடால் குறுக்கே மெல்லச் சீவிப் பார்க்கிறார்கள். மிளகளவே உள்ள அந்த மொட்டுக்குள் மூன்று மொட்டுகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் இருப்பது முதன்மை மொட்டு. வசந்தத்தில் துளிர்த்துக் குலை குலையாகக் காய்க்கப்போவது அதுதான். அது செத்துப்போனால் இரண்டாவது மொட்டு துளிர்க்கும். ஆனால் காய்ப்பு குறையும். மூன்றாவது மொட்டு கொடியை உயிரோடு வைத்திருக்க உதவுமே தவிர, அதில் அறுவடைக்குப் பெரிதாக எதுவும் தேறாது.

சீவிய இடம் பச்சையாக இருந்தால் மொட்டு பிழைத்திருக்கிறது. பழுப்பாக இருந்தால் குளிர் அதைக் கொன்றுவிட்டது. நூறு மொட்டுகளைச் சீவி எத்தனை பச்சை, எத்தனை பழுப்பு என்று எண்ணிய பிறகுதான் அந்த ஆண்டு கவாத்தின்போது கொடிக்கு எத்தனை மொட்டு விடுவது என்று முடிவாகிறது. சேதம் அதிகமென்றால் கூடுதலாக விட்டு ஈடுகட்டுவார்கள்.

ஐரோப்பாவின் ஒயின் திராட்சை வகைகளில் பலவற்றின் மொட்டுகள், நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 20 முதல் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரைதான் தாக்குப்பிடிக்கும். வட அமெரிக்கக் கண்டத்தின் உட்பகுதியில் அதையும் தாண்டிக் குளிர் இறங்குவது சாதாரணம். அப்படியிருந்தும் ரீஸ்லிங், ஷார்டனே, பினோ நுவார், கபர்னே ஃப்ரான்க் போன்ற வகைகள் நயாகராவில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைகின்றன. கனடாவின் மிகப் பெரிய ஒயின் வட்டாரம் இதுதான். நாட்டின் பீச் பழங்களில் பெரும்பகுதியும் இங்கிருந்துதான் போகிறது. இத்தனைக்கும் பின்னால் இருப்பது ஒன்டாரியோ ஏரி.

வரைபடத்தில் பார்த்தால் ஏற்பாடு தெளிவாகப் புரியும். வடக்கே ஒன்டாரியோ ஏரி. தெற்கே, ஏரிக்கரைக்கு இணையாகக் கிழக்கு மேற்காக ஓடும் நயாகரா செங்குத்துச் சரிவு. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான நிலப்பட்டை. மேற்கில் கிரிம்ஸ்பி ஊருக்கு அருகே இதன் அகலம் சில கிலோமீட்டர்தான். கிழக்கில் நயாகரா ஆற்றை நெருங்கும்போது பத்து கிலோமீட்டருக்கு மேல் விரிகிறது. ஏரியின் எதிர்க்கரையில் டொராண்டோ நகரம். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோவும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. வானம் தெளிவாக உள்ள நாட்களில் திராட்சைத் தோட்டங்களில் நின்றபடி, நீர்ப்பரப்புக்கு அப்பால் டொராண்டோவின் உயர்ந்த கட்டடங்களைப் பார்க்கலாம்.

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் பரப்பளவில் மிகச் சிறியது ஒன்டாரியோ. சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். ஆனால் ஆழத்தில் அது சளைத்ததல்ல. அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். சராசரி ஆழம் 86 மீட்டர். தேங்கியிருக்கும் நீர் சுமார் 1,640 கன கிலோமீட்டர். இந்த ஆழம்தான் திராட்சைக்குக் கிடைத்த வரம்.

தண்ணீரைச் சூடாக்குவது கடினம், ஆறவைப்பதும் கடினம். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ காற்றுக்குச் சுமார் 1,000 ஜூல் போதும். காய்ந்த மண்ணுக்கு அதைவிடக் குறைவு. கன அளவை வைத்துக் கணக்கிட்டால் வேறுபாடு மலைக்க வைக்கும். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டிகிரி ஆறும்போது வெளிவிடும் வெப்பம், 3,000 கன மீட்டருக்கும் அதிகமான காற்றை ஒரு டிகிரி சூடாக்கிவிடும். ஒன்டாரியோ ஏரி முழுவதும் ஒரே ஒரு டிகிரி ஆறினால் வெளியாகும் வெப்ப ஆற்றல் சுமார் 1.9 லட்சம் கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இந்தியா முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரம் ஏறக்குறைய இந்த அளவுதான். கோடையில் மேற்பரப்பு 20 டிகிரியைத் தாண்டும் இந்த ஏரி, அந்தச் சேமிப்பை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது.

இதில் தண்ணீருக்கே உரிய இன்னொரு குணமும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். நன்னீர் 4 டிகிரியில் உச்ச அடர்த்தியை எட்டிவிடுகிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகிறது. இலையுதிர் காலத்தில் ஏரியின் மேல்மட்ட நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடியில் இருக்கும் நீர் மேலே வருகிறது. அதுவும் குளிர்ந்து இறங்குகிறது. நீர் முழுவதும் ஏறத்தாழ 4 டிகிரியை அடையும்வரை இந்தச் சுழற்சி ஓயாது. அதன் பிறகுதான் மேற்பரப்பு மட்டும் தனியாகக் குளிர்ந்து உறையத் தொடங்க முடியும். 86 மீட்டர் சராசரி ஆழத்துக்கு நீரைப் புரட்டி முடிப்பதற்குள் குளிர்காலத்தின் பெரும்பகுதி ஓடிவிடும்.

தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள ஈரி ஏரியோடு ஒப்பிட்டால் ஆழத்தின் மதிப்பு விளங்கும். ஈரி பரப்பளவில் பெரியது. ஆனால் அதன் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். ஆகவே வேகமாகச் சூடாகி, வேகமாக ஆறி, கடுங்குளிர் ஆண்டுகளில் பெரும்பகுதி உறைந்துபோகிறது. பனிப்படலம் மூடிக்கொண்டால் நீரிலிருந்து காற்றுக்கு வெப்பம் போகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். ஒன்டாரியோ ஏரி முழுதாக உறைவதோ மிக அரிது. திறந்த நீர்ப்பரப்பு, வடக்கிலிருந்து வரும் துருவக் காற்று நயாகராவைத் தொடுமுன் அதன் கடுமையைத் தணித்து அனுப்புகிறது. சில டிகிரி வித்தியாசம்தான். மைனஸ் 24 டிகிரி, மைனஸ் 20 டிகிரியாகத் தணிகிறது. முதன்மை மொட்டின் உயிர் அந்தச் சில டிகிரியில்தான் இருக்கிறது.

குளிர்காலத்தைவிட வசந்தத்தில் ஏரி செய்யும் உதவி இன்னும் நுட்பமானது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் ஏறத் தொடங்கும்போது நிலம் சட்டென்று சூடாகிவிடுகிறது. ஏரி இன்னும் 4 டிகிரிக்கு அருகிலேயே கிடக்கிறது. நிலத்துக்கு மேலே சூடான காற்று எழும்ப, ஏரியிலிருந்து குளிர்ந்த காற்று தோட்டங்களுக்குள் புகுகிறது. இதனால் கொடிகள் துளிர்ப்பது தள்ளிப்போகிறது. விவசாயிக்கு இது நல்ல சேதி. உறங்கும் மொட்டு மைனஸ் 20ஐத் தாங்கும். துளிர்விட்ட மொட்டோ மைனஸ் 2, 3 டிகிரியிலேயே கருகிவிடும்.

2012 மார்ச் மாதத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கோடை போன்ற வெப்பம் வந்து பழ மரங்களை அவசரமாகப் பூக்கவைத்தது. ஏப்ரலில் உறைபனி திரும்பியது. நயாகரா அமைந்துள்ள ஒன்டாரியோ மாநிலத்தில் அந்த ஆண்டின் ஆப்பிள் விளைச்சலில் பெரும்பகுதி போயிற்று. எல்லைக்கு அப்பால் மிச்சிகனில் புளிப்புச் செர்ரி கிட்டத்தட்ட முழுதாக அழிந்தது. ஒரு செடி எப்போது கண்விழிக்கிறது என்பது அதற்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அந்த வசந்தம் ஒரு பாடம்.

கோடையில் ஏரிக்காற்று பகல் வெப்பத்தை மட்டுப்படுத்துகிறது. செப்டம்பர், அக்டோபரில் நிலைமை தலைகீழாகிறது. நிலம் விறுவிறுவென ஆறிக்கொண்டிருக்க, ஏரி கோடையின் வெப்பத்தை இன்னும் வைத்திருக்கிறது. முதல் உறைபனி தள்ளிப்போகிறது. பழம் கொடியிலேயே இருந்து பழுக்கக் கூடுதல் வாரங்கள் கிடைக்கின்றன. எந்தப் பருவத்திலும் நிலத்துக்குப் பின்னால் வருவதுதான் ஏரியின் வழக்கம். வசந்தத்தில் அந்தத் தாமதம் துளிர்களைக் காக்கிறது, இலையுதிர் காலத்தில் குலைகளைக் காக்கிறது.

ஏரிக்குத் துணையாக நிற்பது செங்குத்துச் சரிவு. மேலே கடினமான சுண்ணக்கல் வகைப் பாறை, கீழே எளிதில் கரையும் களிப்பாறை என்று அடுக்கிய அமைப்பு இது. பல்லாயிரம் ஆண்டுகளாக அடிப்பாறை அரிபட்டுக் கரைய, மேற்பாறை விளிம்பாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. நயாகரா அருவி பிறந்தது இந்தச் சரிவில்தான். பின்னர் பாறையை அரித்து அரித்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது. சரிவின் அடிவாரத்தில் மென்மையாக இறங்கும் படித்தட்டுகள் உள்ளன. பீம்ஸ்வில் பெஞ்ச், ட்வென்ட்டி மைல் பெஞ்ச் என்று ஒயின் குப்பிகளில் அச்சாகும் பெயர்கள் இவற்றுடையவை. பனியுகம் முடியும் தறுவாயில், சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஏரியைவிட உயரமான மட்டத்தில் இரோக்வா என்று புவியியலாளர்கள் அழைக்கும் ஏரி இங்கே தேங்கியிருந்தது. அதன் பழைய கரையை இப்போதும் நிலத்தில் அடையாளம் காணலாம்.

ஏரியிலிருந்து வரும் காற்று இந்தச் சரிவில் மோதித் திரும்பிச் சுழல்கிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து ஏரியை நோக்கி இறங்கிவிடுகிறது. காற்று தேங்காததால் உறைபனிக்கும் பூஞ்சை நோய்க்கும் இடம் குறைகிறது. இதில் கவனிக்க வேண்டியது, சரிவு வடக்கைப் பார்த்திருக்கிறது. குளிர்நாடுகளில் திராட்சைக்குத் தெற்கு நோக்கிய சரிவைத் தேடுவதுதான் பொதுவான வழக்கம். வெயில் அங்கேதான் நேராக விழும். நயாகராவில் ஏரி வடக்கே இருப்பதால், வடக்கு நோக்கிய சரிவே ஏரிக்காற்றை முழுதாக வாங்கிக்கொள்கிறது. துளிர்ப்பைத் தாமதப்படுத்தவும் உதவுகிறது.

இவ்வளவு சாதகம் இருந்தும் ஐரோப்பியத் திராட்சை இங்கே காலூன்ற நெடுநாள் பிடித்தது. வட அமெரிக்க மண்ணில் ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பூர்விகமாக வாழ்கிறது. உள்ளூர்த் திராட்சை அதைத் தாங்கும். ஐரோப்பியக் கொடி தாங்காது. எனவே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை நயாகராவில் கான்கார்ட் போன்ற உள்ளூர் இனங்களும் கலப்பினங்களும்தான் பயிராயின. அவை ஜாமுக்கும் சாறுக்கும் பொருந்தும். நல்ல ஒயினுக்குப் பொருந்தாது. ஏரிக்குத் தெற்கே, நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில், உக்ரைனிலிருந்து குடியேறிய கொன்ஸ்தன்தீன் ஃப்ராங்க் என்ற திராட்சை வல்லுநர் 1950களில் வழியைத் திறந்தார். கொடுங்குளிர் ஊரில் திராட்சை வளர்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. குளிர் தாங்கும் வேர்க்கட்டைகளில் ஐரோப்பிய வகைகளை ஒட்டுக்கட்டி வளர்த்து, 1962இல் சொந்த ஒயின் நிலையம் தொடங்கினார்.

நயாகராவில் 1975இல் டொனால்ட் ஜிரால்டோவும் கார்ல் கைசரும் இனிஸ்கிலின் ஒயின் நிலையத்துக்கு உரிமம் பெற்றனர். மதுவிலக்குக் காலத்துக்குப் பிறகு ஒன்டாரியோ மாநிலத்தில் ஒயின் தயாரிக்க வழங்கப்பட்ட முதல் புதிய உரிமம் அது. 1978இல் பால் போஸ்க் முழுக்க முழுக்க ஐரோப்பியத் திராட்சையை நம்பித் தோட்டம் போட்டார். 1988இல் அமெரிக்காவுடன் தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானபோது, மலிவான இறக்குமதியோடு போட்டிபோட முடியாத பழைய கொடிகள் அரசின் இழப்பீட்டோடு ஆயிரக்கணக்கான ஏக்கரில் பிடுங்கப்பட்டன. அந்த இடங்களில் ரீஸ்லிங்கும் ஷார்டனேயும் ஏறின. அதே ஆண்டு தரக் கட்டுப்பாட்டுக்கான வி.க்யூ.ஏ. அமைப்பும் உருவானது.

குளிர்நாட்டுத் திராட்சையின் சுவைக்குக் காரணம் அமிலம். பழுக்கும்போது காயில் சர்க்கரை ஏறுகிறது. கூடவே மாலிக் அமிலம் குறைகிறது. காயின் செல்கள் சுவாசத்துக்கு இந்த அமிலத்தை எரிப்பதுதான் காரணம், வெப்பம் கூடினால் எரியும் வேகமும் கூடும். வெப்ப நாட்டில் சர்க்கரை நிறைவதற்குள் அமிலம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நயாகராவின் குளிர்ந்த இரவுகளில் அது மெல்லக் குறைவதால் பழத்தில் இனிப்பும் புளிப்பும் ஒருசேர நிற்கின்றன. ரீஸ்லிங் இங்கே புகழ்பெற இதுவே காரணம்.

இந்த வட்டாரத்தை உலகுக்குத் தெரியவைத்தது ஐஸ் ஒயின். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் முன்பே வழக்கத்தில் இருந்த இந்த முறையில், பழத்தை அறுக்காமல் கொடியிலேயே குளிர்காலம் வரை விட்டுவைக்கிறார்கள். இனிஸ்கிலின் 1983இல் முயன்றபோது பறவைகள் பழத்தைத் தின்று தீர்த்தன. மறு ஆண்டு வலை போட்டுக் காத்து, விடால் என்னும் தடித்த தோல் கொண்ட கலப்பின வகையிலிருந்து ஐஸ் ஒயின் எடுத்தார்கள். அவர்களது 1989ஆம் ஆண்டு விடால் ஐஸ் ஒயின், 1991இல் பிரான்ஸின் வினெக்ஸ்போ கண்காட்சியில் உயரிய விருதை வென்றது.

அறுவடை பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியலுக்கு முன்போ நடக்கிறது. வெப்பநிலை மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. கல்லாக உறைந்த பழத்தை உறைந்த நிலையிலேயே பிழிய வேண்டும். அதன் சாற்றில் சராசரியாக 35 சதவீதம் கரைபொருள் இருக்க வேண்டும். ஒயின்காரர்கள் இதை 35 பிரிக்ஸ் என்பார்கள். கரைபொருளில் பெரும்பகுதி சர்க்கரைதான். இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சர்க்கரை கரைந்த நீர் பூஜ்ஜியத்தில் உறைவதில்லை. காய்க்குள் முதலில் தூய நீர் மட்டும் பனிப்படிகமாகப் பிரிகிறது. எஞ்சிய சாறு கெட்டியாகி, அதன் உறைநிலை மேலும் கீழிறங்குகிறது. மைனஸ் 8 டிகிரி வாக்கில் உறையாமல் எஞ்சும் சாறு ஏறக்குறைய 35 பிரிக்ஸ் அடர்த்தியை எட்டிவிடுகிறது. இன்னும் நாலைந்து டிகிரி குளிர்ந்தால் சாறு மிகக் கெட்டியாகிப் பிழிவதே பெரும்பாடு. பிழியும்போது பனி ஆலைக்குள்ளேயே தங்கிவிட, தேன்போன்ற சாறு சொட்டுச் சொட்டாக வருகிறது. சாதாரண அறுவடையில் கிடைக்கும் சாற்றில் ஐந்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட்டுகளும் திணறுகின்றன. தங்கள் உடலிலிருந்து நீர் வெளியேறாமல் இருக்கக் கிளிசராலை உருவாக்கித் தற்காத்துக்கொள்கின்றன. நொதித்தல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீள்கிறது.

ஏரி இங்கேயும் அளவோடு நடந்துகொள்கிறது. பழம் உறைகிற அளவுக்குக் குளிரை விடுகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் மொட்டு சாகிற அளவுக்கு விடுவதில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013–14, 2014–15 குளிர்காலங்களில் துருவக் குளிர்காற்று தெற்கே இறங்கியபோது மெர்லோ, சோவின்யோன் ப்லாங்க் போன்ற மென்மையான வகைகள் கடுமையாக அடிபட்டன. 2022 ஜனவரியின் குளிருக்குப் பின் அந்த ஆண்டு அறுவடை வெகுவாகச் சரிந்தது.

இத்தகைய சேதத்தைத் தவிர்க்க உதவியாக, செயின்ட் கேத்தரின்ஸ் நகரில் உள்ள ப்ரொக் பல்கலைக்கழகத்தின் குளிர்மண்டலத் திராட்சை ஆய்வு நிறுவனம், மொட்டுகள் எந்தக் குளிர்வரை தாங்கும் என்பதைப் பருவம் முழுவதும் அளந்து விவசாயிகளுக்கு அறிவிக்கிறது. அளக்கும் முறை எளிமையானது, அழகானது. குளிர்காலத்தில் மொட்டின் செல்களுக்குள் இருக்கும் நீர், உறைநிலைக்கு வெகு கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கும். ஒரு கட்டத்தில் அது சட்டென்று உறையும். அந்த நொடியில் மொட்டு செத்துவிடும். நீர் உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படும். வெட்டிய மொட்டுகளை உணர்கருவிகள் பொருத்திய உறைபெட்டியில் வைத்து மெதுவாகக் குளிர்விக்கிறார்கள். ஒவ்வொரு மொட்டும் சாகும்போது வெளிவிடும் அந்தத் துளி வெப்பம் திரையில் ஒரு சிறு முகடாக எழுகிறது. பாதி மொட்டுகள் எந்த வெப்பநிலையில் செத்தன என்பது அந்த வாரத்து எல்லைக்கோடு.

குளிர் அந்தக் கோட்டை நெருங்கும் இரவுகளில் தோட்டங்களில் காற்றாடி இயந்திரங்கள் ஓடும். காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று மிகக் குளிர்ந்தும், பத்துப் பதினைந்து மீட்டர் மேலே சில டிகிரி வெதுவெதுப்பாகவும் இருக்கும். உயரமான தூணில் சுழலும் இறக்கைகள் மேல்காற்றைக் கீழே இழுத்துக் கலக்குகின்றன. ஹெலிகாப்டர் போன்ற அந்தச் சத்தத்தில் ஊரே விழித்திருக்கும்.

புவி வெப்பமாதல் இந்த வட்டாரத்துக்கு நன்மை என்று மேலோட்டமாகத் தோன்றலாம். ஆனால் ஜெர்மனியில் 2019ஆம் ஆண்டின் திராட்சையிலிருந்து ஐஸ் ஒயின் எடுக்கத் தேவையான குளிர் நாட்டில் ஏறக்குறைய எங்குமே வரவில்லை. நயாகராவிலும் அறுவடைக்கேற்ற இரவுக்காகக் காத்திருக்கும் காலம் நீண்டால், பறவைக்கும் அழுகலுக்கும் போகும் பழம் அதிகமாகிறது. அதைவிடக் கவலைக்குரியது குளிர்காலத்தின் நடுவே வரும் வெப்ப நாட்கள். மொட்டின் குளிர் தாங்கும் திறன் படிப்படியாக ஏறி, நடுக்குளிர்காலத்தில் உச்சத்தைத் தொட்டு, வெப்பம் வந்தால் இறங்கிவிடும். பிப்ரவரியில் ஒரு வாரம் வெயிலடித்துவிட்டு மறுபடி கடுங்குளிர் வந்தால், டிசம்பரில் தாங்கிய அதே குளிர் மொட்டைக் கொன்றுவிடும். பேரேரிகளில் பனிப்படலம் குறைந்துவருகிறது. 2023–24 குளிர்காலத்தில் அது பதிவுகளிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்றைத் தொட்டது. ஏரியின் கடிகாரம் மாறினால் அதை நம்பித் துளிர்க்கும் கொடிகளின் கணக்கும் மாறும்.

விவசாயி வகையை மாற்றலாம், வேர்க்கட்டையை மாற்றலாம், காற்றாடி வைக்கலாம். ஆழமான ஏரிக்கும் பாறைச் சரிவுக்கும் இடைப்பட்ட நிலத்தை மட்டும் வேறெங்கும் போய் வாங்க முடியாது. டொராண்டோவும் ஹாமில்டனும் வளர வளர, வீட்டுமனைகள் குறிவைப்பதும் இதே நிலத்தைத்தான். 2005இல் ஒன்டாரியோ அரசு பசுமை வளையச் சட்டத்தின் கீழ் நயாகராவின் பழ, திராட்சை நிலங்களைச் சிறப்புப் பயிர்ப் பகுதியாக வகைப்படுத்தியது. ஊர் எல்லைகள் அதற்குள் விரிவதற்குத் தடை விதித்தது. 2022இல் அதே மாநிலத்தின் வேறொரு அரசு, பசுமை வளையத்திலிருந்து சுமார் 7,400 ஏக்கரை வீடு கட்டுவதற்காக விடுவித்தது. அவற்றில் கிரிம்ஸ்பியின் நிலமும் அடங்கும். விவசாயிகளும் சூழலியலாளர்களும் பொதுமக்களும் விடாமல் எதிர்த்தனர். கணக்குத் தணிக்கையில் அந்த முடிவெடுத்த விதம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அரசு பின்வாங்கியது, ஆண்டு முடிவதற்குள் அந்த நிலங்கள் அனைத்தும் சட்டப்படி பசுமை வளையத்துக்குத் திரும்பின.